மில்வாக்கி நகரின் மூட்டைப் படை

தேர்தல் என்றதும் வாக்குப் பெட்டியும், வாக்கெண்ணும் மேசையும், வென்றவர் கழுத்தில் விழும் மாலையுமே பலருக்கு நினைவுக்கு வரும். ஆயினும் தேர்தலின் உண்மையான கதை பல மாதங்கட்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வேட்பாளரின் செலவுக்குப் பணம் கொடுத்தவர் யார்? "இவருக்கு வாக்களியுங்கள்" என்று அவருக்காக வாய் திறந்தவர் யார்? இவ்விரு வினாக்கட்கும் விடை கண்டால், வென்றவர் பதவியில் அமர்ந்தபின் யாருக்குக் கடமைப்பட்டிருப்பார் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

நாடு தழுவிய பொதுத் தேர்தலைக் காட்டிலும் நகரசபைத் தேர்தலில் இவ்வுண்மை தெளிவாகத் தெரியும். குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, குப்பை வண்டி முதலியவை நகரசபையின் பொறுப்பில் உள்ளவை. இவற்றுக்கான குத்தகையும் உரிமையும் வழங்கும் கையும் நகரசபையின் கையே. ஆகவே அக்கையைத் தம் வசமாக்கிக் கொள்ள விரும்பும் செல்வர்க்கு எந்த ஊரிலும் பஞ்சமில்லை. அத்தகைய செல்வரை எதிர்த்து, கூலி வேலை செய்வோர் தம் சில்லறைக் காசையும் கால் வலிமையையும் கொண்டு ஒரு பெருநகரின் ஆட்சியைப் பிடித்த வரலாறு ஒன்று உண்டு. அது ஐக்கிய அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த மில்வாக்கி நகரின் வரலாறு.

டிராம் வண்டியும் மதுக்கடையும்

மிச்சிகன் ஏரிக் கரையில் அமைந்தது மில்வாக்கி. பீர் வடிப்பாலைகளுக்கும் இரும்புப் பட்டறைகளுக்கும் தோல் பதனிடும் ஆலைகளுக்கும் பெயர் பெற்றது. 1910-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கு வாழ்ந்தோர் 3,73,857 பேர். அவருள் ஜெர்மானியர் மிகுதி. அவர்க்கு அடுத்த நிலையில் போலந்திலிருந்து வந்தோர் இருந்தனர். வேறு பல ஐரோப்பிய நாட்டினரும் கலந்து வாழ்ந்தனர். ஆலையில் ஆங்கிலமும், வீட்டில் தாய்மொழியும் பேசிய மக்கள் அவர்கள்.

அந்நகரின் ஆட்சி டெமாக்ரட், ரிபப்ளிகன் ஆகிய இரு பழைய கட்சிகளிடையே மாறி மாறி வந்தது. 1898-இல் மேயரான டேவிட் ரோஸ் என்பவர் இடையில் இரண்டாண்டு நீங்கலாக 1910 வரை அப்பதவியில் இருந்தார். டிராம் கம்பெனியைக் கட்டுக்குள் கொண்டு வருவதாகச் சொல்லி வாக்குக் கேட்ட அவரே, பதவிக்கு வந்தபின் அக்கம்பெனியின் உரிமையை நீண்ட காலத்திற்கு நீட்டிக்கத் துணை நின்றார். சூதாட்ட விடுதிகளும் விலைமாதர் இல்லங்களும் மறைவின்றி நடந்தன. 1903 முதல் கூடிய கிராண்ட் ஜூரி சபைகள், கையூட்டு வாங்கியதாக அதிகாரிகள் பலர் மீது குற்றம் சாட்டின. அவ்வழக்குகளை நடத்திப் புகழ் பெற்ற மாவட்ட வழக்கறிஞர் பிரான்சிஸ் மெக்கவர்ன் பிற்காலத்தில் மாநில ஆளுநராகவே உயர்ந்தார்.

அந்நாளைய அமெரிக்க நகரங்களில் கட்சிகள் பணம் திரட்டிய முறை பெரும்பாலும் ஒன்றே. குத்தகை வேண்டுவோரும், உரிமம் வேண்டுவோரும், வேலை வேண்டுவோரும் கட்சித் தலைவர்களின் கைக்குப் பணம் கொடுத்தனர். ஆதரவு தேடும் முறையும் அதனையொட்டியதே. மதுக்கடையில் கூடும் நாலு பேருக்கு ஊற்றிக் கொடுத்தும், வேலை வாங்கித் தருவதாகச் சொல்லியும் வட்டாரத்துப் பெரிய மனிதர் வாக்குகளைச் சேர்த்துக் கொடுத்தார். தேர்தல் முடிந்ததும் பணம் கொடுத்தவரும் வாக்குச் சேர்த்தவரும் தமக்குரியதைக் கேட்க வந்தனர். மக்கள் அதற்குப் பிறகு அடுத்த தேர்தலுக்கே நினைவுக்கு வந்தனர்.

ஓர் ஆசிரியர் கண்ட வழி

இந்நிலையை மாற்ற முனைந்தவருள் முதன்மையானவர் விக்டர் பெர்கர். ஆஸ்திரியப் பேரரசில் 1860-இல் பிறந்து, பெற்றோருடன் அமெரிக்காவில் குடியேறியவர். மில்வாக்கிப் பொதுப் பள்ளிகளில் ஜெர்மன் மொழி கற்பித்து வந்த ஆசிரியர். 1892-ஆம் ஆண்டின் இறுதியில் ஆசிரியப் பணியை விட்டுப் பத்திரிகைத் தொழிலில் இறங்கினார். முதலில் ஜெர்மன் மொழியிலும், பின்னர் ஆங்கிலத்திலும் தொழிலாளர்க்கான ஏடுகளை நடத்தினார்.

மாணவனுக்குத் தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துச் செல்வது ஆசிரியர் முறை. பெர்கரும் அம்முறையையே கைக்கொண்டார். புரட்சி பற்றிய பெரும் பேச்சைத் தொழிலாளியின் வீட்டு வாசலில் இறக்கி வைக்கவில்லை. உன் தெருவில் சாக்கடை ஏன் இல்லை, டிராம் கட்டணம் ஏன் இவ்வளவு, உன் பிள்ளையின் பள்ளி ஏன் நெரிசலாய் இருக்கிறது என்று கேட்டார். சாக்கடை, குழாய் என்று ஓயாது பேசியதால் மில்வாக்கியாரைப் பிற நகரத்துத் தோழர்கள் "சாக்கடைச் சோஷலிஸ்டுகள்" என்று பிற்காலத்தில் கேலி செய்தனர். மில்வாக்கியார் அப்பெயரைப் பெருமையாகவே ஏற்றுக் கொண்டனர்.

பெர்கரிடம் ஜெர்மன் கற்ற மாணவியும், ஆசிரியையாகப் பணியாற்றியவருமான அவருடைய மனைவி மேட்டா பெர்கர் 1909-இல் நகரின் கல்விக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மற்றத் தேர்தல்களில் பெண்களுக்கு வாக்குரிமை இல்லாத அக்காலத்திலும் விஸ்கான்சினில் கல்விக் குழுத் தேர்தலில் பெண்கள் வாக்களிக்கலாம். அந்தச் சிறு வாயிலின் வழியே நுழைந்த அவ்வம்மையார் 30 ஆண்டுகள் அக்குழுவில் பணியாற்றினார்.

சங்கத்தின் சொல்

1898-இல் இவ்வியக்கத்தார் முதன்முறையாகத் தம் வேட்பாளரை மேயர் தேர்தலில் நிறுத்தியபோது கிடைத்த வாக்குகள் மிகச் சில. தோல்வியால் சோர்வடையாமல் அவர்கள் கை வைத்த இடம் தொழிற்சங்கமாகும். தச்சர், சுருட்டுத் தொழிலாளர், அச்சுத் தொழிலாளர், பீர் வடிப்போர் முதலிய பல சங்கங்கள் கூடிய கூட்டமைப்பு ஒன்று 1887 முதல் அந்நகரில் இருந்து வந்தது. புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கூட்டமைப்பின் பொறுப்புகளில் சோஷலிஸ்டுகளே பெரும்பாலும் அமர்ந்திருந்தனர்.

இங்கு ஒரு நுட்பம் நோக்கத்தக்கது. சங்கம் வேறு, கட்சி வேறு என்பதில் இரு சாராரும் உறுதியாக இருந்தனர். சங்கம் கூலிக்காகப் போராடும். கட்சி வாக்குக்காகப் போராடும். ஒன்றன் வேலையில் மற்றொன்று தலையிடாது. ஆனால் இரண்டிலும் உழைத்த மனிதர் ஒருவரே. பட்டறையில் பக்கத்து மேசையில் வேலை செய்பவர் மாலையில் சங்கக் கூட்டத்தில் பேசுவார். ஞாயிறு காலையில் கட்சித் துண்டறிக்கையுடன் வாசலுக்கு வருவார். ஆதலின் சங்கம் ஒரு வேட்பாளரை ஆதரிப்பதாகத் தீர்மானம் நிறைவேற்றினால் அது வெறும் தாளோடு நிற்கவில்லை. அத்தீர்மானத்துக்குக் கை தூக்கியவரே அதனை வீட்டுக்கு வீடு எடுத்துச் சென்றார். ஊரறிந்த பிரமுகர் நூறு பேரின் கையொப்பத்தைவிட, உடன் உழைக்கும் ஒருவரின் சொல்லுக்குத் தொழிலாளி வீட்டில் மதிப்பு அதிகமாயிருந்தது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 1903 முதல் மில்வாக்கியின் பேராயராக விளங்கிய செபாஸ்டியன் மெஸ்மர், கத்தோலிக்கராயிருப்பவர் சோஷலிஸ்டாகவும் இருத்தல் இயலாது என்று அறிவுறுத்தினார். போலந்து மக்களோ பெரும்பாலும் கத்தோலிக்கர். கோயிலின் சொல் ஒரு பக்கமும் சங்கத்தின் சொல் மறுபக்கமும் இழுக்க, இடையில் நின்ற அக்குடும்பங்களின் நிலை எளிதன்று. ஆயினும் அவருள்ளும் பலர் காலப்போக்கில் சங்கத்தின் பக்கம் சாய்ந்தனர்.

முத்திரைக் காசு

இனிப் பணத்தின் கதை. சோஷலிஸ்டுக் கட்சியின் உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் ஓர் அட்டை இருக்கும். மாதந்தோறும் சந்தா செலுத்தி ஒரு முத்திரையை வாங்கி அவ்வட்டையில் ஒட்டிக் கொள்ள வேண்டும். ஒரு மாதச் சந்தாவில் நாட்டுத் தலைமைச் செயலகத்துக்குச் சென்ற பங்கு 5 சென்ட். எஞ்சியது மாநிலத்துக்கும் ஊர்க் கிளைக்கும் உரியது. முத்திரை ஒட்டாத மாதம் அட்டையில் வெற்றிடமாய்க் கிடந்து, அவரவர் கடமையை அவரவர்க்கே நினைவூட்டியது.

சந்தா மட்டும் போதுமானதாக இல்லை. கோடையில் குடும்பத்தோடு செல்லும் பூங்கா விழாக்களும், குளிர்காலத்தில் களியாட்டச் சந்தைகளும் நடத்திப் பணம் சேர்த்தனர். வாத்திய இசையும், பாட்டுக் குழுக்களும், பெண்கள் சமைத்த உணவும், பிள்ளைகள் விளையாட்டும் அவ்விழாக்களில் உண்டு. ஊர்த் திருவிழாவைப் போல மக்கள் கூடினர். நுழைவுச் சீட்டுக்கும் உணவுக்கும் கொடுத்த காசு கட்சிப் பெட்டிக்குச் சேர்ந்தது. பின்னர் 1911 டிசம்பரில் "மில்வாக்கி லீடர்" என்னும் நாளேட்டைத் தொடங்கியபோது, அதற்கு வேண்டிய முதலையும் தொழிற்சங்கங்களுக்கும் தொழிலாளர்களுக்கும் பங்குகளும் கடன் பத்திரங்களும் விற்றே திரட்டினர்.

இத்தகைய பணத்திற்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஆயிரம் டாலர் கொடுத்த ஒருவர் திரும்பி வந்து குத்தகை கேட்கலாம். சில சென்ட் கொடுத்த ஆயிரம் பேர் அப்படிக் கேட்க இயலாது. அவர்கள் கேட்கக் கூடியது கணக்கு ஒன்றுதான். மேலும், காசு கொடுத்தவர் அக்காசு வீணாகாமல் காக்கத் தாமே உழைக்க முன்வருகிறார். அவ்வுழைப்பின் உருவமே மூட்டைப் படை.

ஞாயிற்றுக்கிழமை விடியலில்

தேர்தல் நெருங்கும் மாதங்களில் ஞாயிறுதோறும் பொழுது புலருமுன் கட்சித் தொண்டர்கள் தத்தம் வட்டாரத்துக் கூடத்தில் ஒன்று சேர்வர். அச்சகத்திலிருந்து வந்த துண்டறிக்கை மூட்டைகள் அங்கே காத்திருக்கும். எந்தத் தெரு யாருடையது என்பது முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். மக்கள் எழுந்து காலையுணவு கொள்ளுமுன் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அறிக்கை கிடக்கும். ஆறு நாளும் ஆலையில் உழைத்தவர் ஏழாம் நாளின் உறக்கத்தை விட்டுச் செய்த வேலை இது. இதனை ஒழுங்குற அமைத்த பெருமை எட்மண்ட் மெல்ம்ஸ் என்பவரைச் சாரும்.

இம்முறையின் உயிர்நாடி மொழியில் இருந்தது. இந்த வீட்டார் ஜெர்மன் படிப்பவர், அடுத்த வீட்டார் போலந்து மொழியினர், மூன்றாம் வீட்டார் ஆங்கிலம் அறிந்தவர் என்ற செய்தி தொண்டர்களிடம் இருந்தது. அவரவர் வாசலில் அவரவர் மொழியிலேயே அறிக்கை விழுந்தது. இம்மூன்று மொழிகளோடு வேறு பல மொழிகளிலும் அச்சிட்டனர். எதிர்க் கட்சியார் காலையில் ஒரு பொய்யைப் பரப்பினால், இரண்டு நாட்களுக்குள் நகரின் எல்லா வீடுகளுக்கும் அதற்குரிய மறுப்பைக் கொண்டு சேர்க்க இப்படையால் முடிந்தது.

இதே வேலையைக் கூலிக்கு ஆள் வைத்துச் செய்திருந்தால் பெரும் பொருள் செலவாகியிருக்கும். மேலும், கூலிக்கு வந்த ஆளுக்கு எந்த வீட்டில் என்ன மொழி என்பது எப்படித் தெரியும்? தெருவில் வாழ்பவர்க்கே அது தெரியும். பணத்தால் வாங்க முடியாத இவ்வறிவே ஏழைக் கட்சியின் பெரும் மூலதனமாயிற்று.

1910-ஆம் ஆண்டு வெற்றி

பலன் படிப்படியாகவே வந்தது. 1904-இல் பெர்கர் மேயர் பதவிக்கு நின்று தோற்றார். ஆனால் அவர் கட்சியினர் 9 பேர் நகரசபைக்குள் நுழைந்தனர். அவருள் ஒருவர் மரச் சிற்ப வேலை செய்து வந்த எமில் சைடல். 1908-இல் சைடல் மேயர் தேர்தலில் நூலிழையில் தோற்றார். 1910 ஏப்ரல் 5-ஆம் நாள் நடந்த தேர்தலில் 27,608 வாக்குகள் பெற்று வென்றார். அமெரிக்கப் பெருநகர் ஒன்றின் மேயராகச் சோஷலிஸ்டு ஒருவர் அமர்ந்தது அதுவே முதல் முறை. நகரசபையின் 35 இடங்களில் 21 அக்கட்சிக்குக் கிடைத்தன. அவ்வாண்டு நவம்பரில் பெர்கரும் அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சைடல் ஆட்சியில் சூதாட்ட விடுதிகள் மூடப்பட்டன. நகரசபைத் தொழிலாளரின் கூலி உயர்ந்தது. பொதுப்பணித் துறை சீர்பெற்றது. நகரின் வரவு செலவை ஆராய, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துப் பொருளாதாரப் பேராசிரியர் ஜான் காமன்ஸ் அழைக்கப்பட்டார். மேயரின் செயலாளராகச் சில காலம் பணியாற்றிய இளைஞர் கார்ல் சாண்ட்பர்க் பின்னாளில் அமெரிக்காவின் புகழ் பெற்ற கவிஞருள் ஒருவரானார்.

எதிரிகள் ஒன்றாயினர்

1910-இல் சைடலை எதிர்த்த இரு கட்சிகளும் தனித்தனியே நின்றன. அவை பெற்ற வாக்குகளைக் கூட்டினால் சைடல் பெற்றதைவிட அதிகம். இக்கணக்கை அவ்விரு கட்சியாரும் விரைவில் போட்டுப் பார்த்தனர். 1912-இல் பகை மறந்து, டாக்டர் பேடிங் என்னும் மருத்துவரைப் பொது வேட்பாளராக நிறுத்தினர். சைடல் அத்தேர்தலில் 30,000-க்கு மேற்பட்ட வாக்குகள் பெற்றார். முந்திய தேர்தலில் வென்றபோது கிடைத்ததைவிட அது அதிகம். இருந்தும் தோற்றார். வாக்கு கூடியும் பதவி போயிற்று.

அவ்வாண்டிலேயே நகரத் தேர்தல்களில் வாக்குச் சீட்டில் கட்சிப் பெயர் இடம் பெறலாகாது என்று மாநிலச் சட்டமன்றம் சட்டம் செய்தது. கட்சிப் பெயரை நீக்கினால் சோஷலிஸ்டுகளின் வேர் அறும் என்று பலர் எண்ணினர். நடந்தது வேறு. சீட்டில் கட்சிப் பெயர் இல்லாத நிலையில், எந்தப் பெயர் தம்முடையது என்பதை வாக்காளர்க்கு யாரேனும் வாசலில் வந்து சொல்ல வேண்டியதாயிற்று. அப்படிச் சொல்ல ஆளிருந்தது மூட்டைப் படைக்கே. 1916-இல் டேனியல் ஹோன் என்ற சோஷலிஸ்டு வழக்கறிஞர் மேயரானார். 1940 வரை 24 ஆண்டுகள் தொடர்ந்து அப்பதவி வகித்தார். நேர்மையான, சிக்கனமான நகராட்சிக்கு மில்வாக்கி எடுத்துக்காட்டாய்ப் பேசப்பட்டது அவர் காலத்திலேதான்.

சோதனைக் காலம்

1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. போரை எதிர்த்த "லீடர்" ஏட்டுக்குக் குறைந்த கட்டணத்தில் அஞ்சலில் செல்லும் உரிமை அவ்வாண்டே பறிக்கப்பட்டது. வெளியூர்ச் சந்தாதாரர்கள் அற்றுப் போயினர். விளம்பரம் கொடுத்தவர்கள் விலகினர். வாசகர்களும் சங்கங்களும் கொடுத்த நன்கொடையைக் கொண்டே ஏடு உயிர் தாங்கியது. பெர்கருக்கு 1919-இல் 20 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 1921-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது. இடையில், மக்கள் தேர்ந்தெடுத்த அவரைக் காங்கிரஸ் ஏற்க மறுத்தது. 1919 டிசம்பரில் நடந்த மறுதேர்தலில் மில்வாக்கி மக்கள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தனர். காங்கிரஸ் மீண்டும் மறுத்தது. பெருஞ்செல்வரின் பணத்தை நம்பிய கட்சியாயிருந்தால் அந்தப் புயலில் அது வீழ்ந்திருக்கும். பல்லாயிரம் கைகள் தாங்கியதால் நிலைத்தது.

பட்டியலில் இல்லாத வீடுகள்

இவ்வரலாற்றில் மறைக்கலாகாத மாசு ஒன்றும் உண்டு. தொழிலாளர் ஒற்றுமை பேசிய பெர்கர், கறுப்பின மக்களைத் தாழ்ந்தவராகக் கருதி 1902-இல் தம் ஏட்டில் எழுதினார். 1910 மே மாதம் சிகாகோவில் கூடிய சோஷலிஸ்டுக் கட்சி மாநாட்டில், சீனர், ஜப்பானியர், கொரியர், இந்தியர் ஆகியோர் அமெரிக்காவில் குடியேறுவதைத் தடுக்க வேண்டும் என்று கோரிய குழு அறிக்கையின் பக்கம் நின்றார். அம்மாநாடு அவ்வறிக்கையை ஏற்காமல், மாரிஸ் ஹில்குவிட் முன்வைத்த சமரசத் தீர்மானத்தைச் சிறிய வேறுபாட்டில் ஏற்றது. மலாயாவுக்கு இந்தியரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரும் முறை ஒழிக்கப்பட்டதும் அதே 1910-ஆம் ஆண்டிலேயே என்பது நினைவிற்குரியது. ஒப்பந்தக் கூலியின் துயரத்தை உணர வேண்டிய இயக்கத்தின் தலைவரே, அக்கூலியைத் தம் கூலிக்கு எதிரியாகக் கண்டார்.

எத்தனை மொழியில் அறிக்கை அச்சிட்டாலும், எவர் வீடு பட்டியலில் இடம்பெறுகிறது என்பதைப் பட்டியல் எழுதுபவரே முடிவு செய்கிறார். மூட்டைப் படை எந்த வாசல்களுக்குச் சென்றது என்று பாராட்டுவோர், எந்த வாசல்கள் அதன் நினைவில் இல்லை என்பதையும் கேட்டல் வேண்டும்.

தேய்வும் பாடமும்

1930-களின் இடையில் சோஷலிஸ்டுகள் வேறு கட்சிகளோடு கூட்டுச் சேர்ந்து, தம் தனி அடையாளத்தைத் தளர்த்தினர். அமெரிக்கத் தொழிற்சங்க இயக்கமும் அதே காலத்தில் இரண்டாகப் பிளந்தது. ஒரே குரலில் ஒலித்த சங்கத்தின் சொல் இரு குரலாயிற்று. மூட்டை சுமந்த தலைமுறை முதுமையடைந்தது. 1940-இல் ஹோனைக் கார்ல் சைட்லர் என்ற இளம் வழக்கறிஞர் தோற்கடித்தார். இனிய குரலில் பாட வல்ல அவர் பாட்டாலும் பேச்சாலும் மக்களைக் கவர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் கடற்படையிற் சேர்ந்து 1942-இல் கடலில் மறைந்தார். அவருடைய தம்பி பிராங்க் சைட்லர் சோஷலிஸ்டு. 1948-இல் மேயராகி மூன்று முறை தொடர்ந்து பணியாற்றி 1960-இல் ஓய்வு பெற்றார். அவரோடு அந்நகரில் சோஷலிஸ்டு மேயர்களின் வரிசை முடிந்தது.

மில்வாக்கி வரலாற்றிலிருந்து தெளிவது ஒன்று. நன்கொடையும் ஆதரவும் தேர்தலுக்கு முன் திரட்டப்படும் இருவேறு பொருள்கள் என்று எண்ணுவது வழக்கம். மில்வாக்கியில் அவை ஒரே மனிதரிடமிருந்து வந்தன. முத்திரைக்குக் காசு கொடுத்தவரே சங்கத்தில் கை தூக்கினார். கை தூக்கியவரே விடியலில் மூட்டை சுமந்தார். இம்மூன்றும் ஒருவரிடம் கூடியிருந்தவரை எதிரிகளின் கூட்டணியும், சட்டமும், போர்க்காலச் சிறைத் தண்டனையும் அக்கட்சியை அழிக்கவில்லை. அவை பிரிந்து போனபோது, ஒருவர் காசு கொடுக்க மற்றொருவர் பேச, மூட்டை தூக்க ஆளில்லாமல் போயிற்று.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். வடத்தைத் தொட்ட கை எவருடையதோ அவரே தேர் செல்லும் வழியைப் பற்றியும் பேச உரிமை உடையவர். வடத்தைத் தொட எவரையும் வேண்டாமென ஒதுக்காதிருத்தல், மில்வாக்கியார் முழுமையாகக் கல்லாது விட்ட பாடமாகும்.